கற்றுக் கொடுப்பவனுக்கும் கூலி வேண்டும்

உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதுவதற்குத் தொழிலாளர் பத்திரிகையில் இடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மில்லில் பஞ்சப்படிப் பிரச்னை இருக்கிறது. உப்பளத்தில் கூலிப் பிரச்னை இருக்கிறது. வயலில் வேலை நாளே குறைந்துகொண்டு வருகிறது. இவ்வளவும் இருக்க, பந்து எதற்கு? கேட்பது நியாயமான கேள்விதான். பதில் சொல்லிவிட்டே மேலே போகிறோம்.

பந்து விளையாடுவது யார்? தூத்துக்குடி தெரேஸ்புரத்து மணலிலும், புன்னைக்காயல் கரையிலும், மணப்பாட்டிலும் சாயங்காலம் போய்ப் பாருங்கள். வலை இழுப்பவன் மகன், உப்பு வாருபவள் மகன், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன் மகன், மில் தொழிலாளி மகன் ஆகியோர்தாம் அங்கே ஓடுகிறார்கள். ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். மட்டை வேண்டாம், காப்புறை வேண்டாம், காலணிகூட வேண்டாம். ஏழைக்கு எட்டும் விளையாட்டு உலகில் அது ஒன்றுதான்.

அந்தச் சாயங்காலம் எங்கிருந்து வந்தது? அதுவும் சும்மா வரவில்லை. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 27ந் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். கூலி உயர்வோடு கூட அவர்கள் கேட்டது என்ன? வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. வேலை நேரத்தில் குறைப்பு. மார்ச் மாதத் தொடக்கத்தில் வெள்ளைக்கார நிர்வாகம் இறங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் தொழிலாளிக்கும் உண்டு என்பதைத் தூத்துக்குடித் தொழிலாளி போராடித்தான் பெற்றான். ஆகவே அந்த ஓய்வு நேரத்தில் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், அவர்களுக்கு யார் என்ன கற்றுக் கொடுக்கிறார்கள் என்பது நம்முடைய பிரச்னைதான்.

இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்வது ஒரே விஷயம். பந்து ஆடிப் பிழைத்தவன் கால் ஓய்ந்தபின் என்ன ஆகிறான்? அவன் கற்ற வித்தை எங்கே போகிறது? அதை அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டுமானால் அவனுக்கு யார் சோறு போடுவது?

நடுவில் நிற்பவன் செய்யும் வேலை

கோல் போடுகிறவன் பெயர் பத்திரிகையில் வருகிறது. கோலைத் தடுக்கிறவன் பெயரும் வருகிறது. நடுவில் நிற்கிறவன் பெயரை யாரும் கேட்பதில்லை. அந்தக் காலத்தில் ஹாப்-பேக் என்று அழைத்தார்கள். இப்போது நடுக்கள ஆட்டக்காரர் என்கிறார்கள். எதிரியிடமிருந்து பந்தைப் பறிப்பது, பறித்ததை முன்னே இருப்பவன் காலில் சேர்ப்பது, மறுபடி ஓடிப் பின்னே வந்து நிற்பது, இதுதான் அவன் வேலை. களத்தில் அதிகம் ஓடுகிறவர்களில் அவன் ஒருவன். கைதட்டல் குறைவாகக் கிடைப்பதும் அவனுக்குத்தான்.

நம் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 1961ஆம் ஆண்டுதான் தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு நடந்தது. கல்லைக் காலில் கட்டிக்கொண்டு பாருக்குள் இறங்குகிறவனை எல்லோரும் பார்த்தார்கள். மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழே இருப்பவன் அசைக்கும் அசைவுக்காகக் கண்ணும் கையும் விழிப்பாக நின்றவனை யார் பார்த்தார்கள்? அவன் கை ஒரு கணம் சோர்ந்தால் குளித்தவன் திரும்ப மாட்டான். நடுக்கள ஆட்டக்காரனும் அந்தக் கயிறு பிடித்தவனும் ஒரே ஜாதி வேலைக்காரர்கள்.

இந்த வேலை ஒருவனுக்கு ஒரு விசேஷ அறிவைத் தருகிறது. முன்னால் நிற்பவன் எதிரியின் கோலைப் பார்க்கிறான். பின்னால் நிற்பவன் தன் கோலைப் பார்க்கிறான். நடுவில் நிற்பவன் இரண்டையும் பார்த்தாக வேண்டும். பதினோரு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு நொடியும் கணக்கு வைத்திருக்க வேண்டும். அதனால்தான் நடுவில் ஆடியவர்களில் பலர் பிற்காலத்தில் நல்ல ஆசிரியர்களாக ஆகிறார்கள். ஆட்டத்தை முழுதாகப் பார்க்கப் பழகிய கண், சிறுவனின் காலில் இருக்கும் குறையையும் பார்த்துவிடும்.

கல்கத்தாவின் அமல் தத்தா

நம் நாட்டில் இப்படி ஒருவர் இருந்தார். பெயர் அமல் தத்தா. 1930ஆம் ஆண்டு மே மாதம் 4ந் தேதி பிறந்தவர். கல்கத்தாவில் கிழக்கு வங்கக் கிளப்பில் நடு ஆட்டக்காரராக ஆடினார். 1954ஆம் ஆண்டு மணிலாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய அணியில் இடம்பெற்றார். அந்தக் கிளப் எப்படிப்பட்டது? தேசப் பிரிவினையின்போது வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு வந்த ஏழை அகதிகள் தங்கள் சொந்த அணி என்று நெஞ்சில் வைத்துக் கொண்டாடிய கிளப். 1953ஆம் ஆண்டு புகாரெஸ்ட் நகரில் உலக வாலிபர் விழா நடந்தபோது அழைப்பின் பேரில் ருமேனியாவுக்கும், அங்கிருந்து சோவியத் நாட்டுக்கும் போய் ஆடிவந்த கிளப்.

ஆட்டம் ஓய்ந்தபின் அமல் தத்தா என்ன செய்தார்? நம் நாட்டில் ஆட்டக்காரன் ஓய்ந்தால் உத்தியோகத்தில் ஒட்டிக்கொண்டு காலத்தை ஓட்டுவதே வழக்கம். அவர் அப்படிச் செய்யவில்லை. சொந்தச் செலவில் இங்கிலாந்து போய்ப் பயிற்சியாளர் படிப்பைப் படித்தார். திரும்பி வந்து, வேலையை விட்டுவிட்டு, முழுநேரப் பயிற்சியாளர் ஆனார். பயிற்சி கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட முதல் இந்தியர் அவர்தான் என்று சொல்கிறார்கள். அதற்கு முன்னால் கோச் என்றால் என்ன அர்த்தம்? சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்து மைதானத்து ஓரத்தில் நின்று கத்துகிற பெரிய மனிதர் என்று அர்த்தம். தொழில் என்று ஒருவரும் நினைக்கவில்லை. தொழில் இல்லாததால் சம்பளமும் இல்லை.

அவர் செய்த இன்னொரு காரியம் நமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. வெளிநாட்டு ஆட்டங்களைக் காட்டும் படச் சுருள்களையும் படம் காட்டும் கருவியையும் தூக்கிக்கொண்டு வங்காளத்தின் கிராமம் கிராமமாகப் போனார். தொலைக்காட்சி இல்லாத காலம். நல்ல ஆட்டம் எப்படி இருக்கும் என்று கிராமத்துப் பையன் கண்ணால் கண்டதே கிடையாது. அவனுக்குத் திரையில் காட்டி, இவன் ஏன் இங்கே ஓடினான், அவன் ஏன் அங்கே நின்றான் என்று விளக்கிச் சொன்னார். படிப்பு வசதியுள்ளவன் வீட்டுக்கு மட்டும் போகிற அறிவை, சேற்றில் கால் வைத்து நடந்து ஏழைச் சிறுவன் வாசலுக்குக் கொண்டுபோனார். உண்மையான ஆசிரியன் செய்கிற வேலை அது.

பெரிய கிளப்புகளிலும் அவர் கை தெரிந்தது. 1969ஆம் ஆண்டு மோகன் பகான் அணிக்குப் பயிற்சி கொடுத்தபோது, பின்னால் நிற்கும் ஓர ஆட்டக்காரர்களும் ஓரமாக முன்னேறித் தாக்கும் முறையைப் புகுத்தினார். அந்த ஆண்டு ஐ.எப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் அவருடைய பழைய கிளப்பான கிழக்கு வங்கமே 3–1 என்று தோற்றது. 1997ஆம் ஆண்டு அறுபத்தேழாவது வயதில் வைர வடிவ வியூகம் ஒன்றை அமைத்து நாடு முழுவதையும் பேசவைத்தார். அவ்வாண்டு ஜூலை 13ந் தேதி கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் அந்த ஆட்டத்தைப் பார்க்க 1,31,000 பேர் திரண்டார்கள். அன்று அவர் அணி 4–1 என்று தோற்றது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். தோற்றதற்காக அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால், யோசித்து ஆடலாம், திட்டம் போட்டு ஆடலாம் என்று லட்சம் பேரை விவாதிக்க வைத்தவர் அவர்தானே! 2016ஆம் ஆண்டு ஜூலை 10ந் தேதி, எண்பத்தாறாவது வயதில் அவர் காலமானார்.

அமல் தத்தா வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கற்பிப்பதும் உழைப்பு, அந்த உழைப்புக்கு விலை உண்டு என்று அவர் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், தன் வயிற்றைப் பணயம் வைத்து அதை நிலைநாட்டினார். ஆனால் ஒரு மனிதன் தன் வயிற்றைப் பணயம் வைத்தால்தான் பிள்ளைகளுக்குப் பாடம் கிடைக்கும் என்கிற நிலைமை நல்ல நிலைமையா? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

ஒரு ரூபாய் சைக்கிள் வாடகை

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் 1936ஆம் ஆண்டு ஏழைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து இந்திய அணியின் பயிற்சியாளராக உயர்ந்த சையத் அப்துல் ரஹீம் அவருடைய ஆட்டத்தைப் பார்த்தார். பயிற்சிக்கு வா என்றார். பையனிடம் ஹைதராபாத் வந்துபோகக் காசு இல்லை. ரஹீம் என்ன செய்தார்? வாடகைச் சைக்கிளுக்காகத் தினம் ஒரு ரூபாய் கொடுத்தார்.

அந்த ஒரு ரூபாய் எவ்வளவு பலன் தந்தது என்று பாருங்கள். 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம் பெற்றபோது பலராம் அணியில் இருந்தார். 1960ஆம் ஆண்டு ரோமில் வலிமை மிக்க ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் இந்தியா ஆசியத் தங்கம் வென்றது; அங்கும் அவர் இருந்தார். மறு ஆண்டே நுரையீரல் நோய் அவரைப் பிடித்தது. இருபத்தேழு வயதுக்குள் ஆட்டம் முடிந்தது. அவரைத் தாங்கியது எது? ரயில்வே அணியில் ஆடியவர் என்பதால் கிடைத்த ரயில்வே வேலை. அதன் பலத்தில்தான் பின்னாளில் பயிற்சியாளராகவும், சிறுவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறவராகவும் இருக்க முடிந்தது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 16ந் தேதி மறைந்தார்.

ரஹீமைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. சிறுவர்களுக்காக அவர் விசித்திரமான போட்டிகள் நடத்தினார். ஒன்றில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு உருட்டி ஓடக்கூடாது. வந்ததும் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால்தான் ஆட வேண்டும். தனியாக வித்தை காட்டுகிற பையன் சேர்ந்து ஆடக் கற்றுக்கொண்டான். ஒற்றைக் காலன் இரண்டு காலன் ஆனான். இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஆனால் யோசிக்கிற ஆசிரியன் ஒருவன், தினமும் மாலை தவறாமல் வருகிறவன், வேண்டும். அவன் தினமும் வர வேண்டுமானால் அவன் வீட்டில் தினமும் அடுப்பு எரிய வேண்டும்.

முழங்கால் போனால்?

இப்போது நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னை வியாசர்பாடி குடிசைப் பகுதியில் ஆடிப் பழகியவர் தன்பால் கணேஷ். நடுக்கள ஆட்டக்காரர். 2018ஆம் ஆண்டு மார்ச் 13ந் தேதி கோவா அணிக்கு எதிரான அரையிறுதியில் தலையால் முட்டிக் கோல் போட்டார். நான்கு நாள் கழித்துச் சென்னையின் அணி பெங்களூரில் சாம்பியன் ஆனது. அடுத்த பருவம் முழுவதும் அவர் களத்தில் இறங்க முடியவில்லை. முழங்கால் காயம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறை மீனவர் கிராமத்தில் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். அவரும் நடுக்களத்தில் ஆடியவர்தான். சென்னை, ஜாம்ஷெட்பூர், கல்கத்தா என்று போய் இந்திய அணிச் சட்டையும் அணிந்தார். 2020ஆம் ஆண்டு நவம்பர் 20ந் தேதி, பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே காயம். அந்தப் பருவம் அதோடு முடிந்தது.

மில்லில் இயந்திரம் கையைக் கடித்தால் நஷ்ட ஈடு என்று ஒரு சட்டமாவது இருக்கிறது. போராடிப் பெற்ற சட்டம். பந்தாட்டக்காரனின் முழங்கால்தான் அவனுடைய தறி. அது உடைந்தால் அவன் ஒப்பந்தக் கூலி. ஒப்பந்தம் முடிந்தால் வாசல் வரை வழியனுப்புவார்கள்.

முன்னே ரயில்வே, பாங்கு, துறைமுகம் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. ஆட்டக்காரனுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. 1996ஆம் ஆண்டு தேசிய லீக் தொடங்கியபோது சென்னை இந்தியன் பாங்க் அணி அதில் ஆடியது. இன்று அந்த இடத்தில் தனியார் கிளப் வந்திருக்கிறது. பணம் அதிகம் என்று சொல்லப்படுகிறது. மேலே நிற்கிற சிலருக்கு அதிகம்தான். ஆனால் 2025ஆம் ஆண்டு ஜூலையில் என்ன நடந்தது? சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று காரணம் சொல்லி, பருவத்தையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சில கிளப்புகள் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் கிடையாது என்றன. மேலே இரண்டு தரப்பு பேரம் பேசுகிறது. கீழே ஓடுகிறவன் வயிறு காய்கிறது. தொழிலாளிக்கு இது புதிய கதையா? இதற்கு நம் மொழியில் கதவடைப்பு என்று பெயர்.

ஆகவே ஆட்டக்காரன் முப்பது வயதில் கேட்கிற கேள்வி நியாயமானது. இனி நான் என்ன செய்வது? சிலர் பெயர் பெற்றவர்கள், தப்பித்துக்கொள்கிறார்கள். பெயர் பெறாத நூற்றுக்கணக்கானவர்கள்? ஆட்டோ ஓட்டுகிறார்கள், கடையில் நிற்கிறார்கள், திரும்ப வலைக்குப் போகிறார்கள். அந்த வேலைகளில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் பதினைந்து வருஷம் அவர்கள் சேர்த்த அறிவு அவர்களோடு மண்ணாகிறது. பக்கத்துத் தெருவில் அந்த அறிவுக்காக ஏங்குகிற சிறுவர்கள் இருக்கிறார்கள். நடுவே பாலம் இல்லை.

பயிற்சியாளர் ஆகலாமே என்று சுலபமாகச் சொல்கிறார்கள். அதற்கு உரிமம் வேண்டும். ஈ, டி, சி, பி, ஏ என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கட்டணம். கீழ்ப்படிக்கு நாட்கணக்கிலும் மேல்படிக்கு வாரக்கணக்கிலும் வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்த் தங்க வேண்டும். தினக்கூலிக்காரன் எப்படிப் போவான்? போனாலும், உரிமம் வாங்கி வந்தபின் வேலை எங்கே?

“சேவை” என்ற பசப்பு

விளையாட்டுக் கற்பிப்பது சேவை, அதில் காசு பார்க்கலாமா என்று உபதேசம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த உபதேசத்தை யார் செய்கிறார்கள் என்று கவனியுங்கள். வேறு வருமானம் உள்ளவர்கள் செய்கிறார்கள். சேவை என்ற சொல் நல்ல சொல்தான். ஆனால் தரவேண்டிய கூலியைத் தராமல் இருக்க அந்தச் சொல்லைத் திரையாகப் பிடிப்பது பழைய தந்திரம். அங்கன்வாடிப் பெண்ணிடமும் இதையே சொன்னார்கள். பள்ளியில் சத்துணவு சமைப்பவளிடமும் இதையே சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்திலும் இந்தக் கதைதான். 2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி முதலியவற்றுக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள். பின்னர் தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆனால் நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. வாரத்தில் மூன்று அரை நாள் கற்பித்தால் பையன் கால் வளையுமா? ஆசிரியன் மனம்தான் நிற்குமா?

இன்னொரு பக்கத்திலிருந்து வேறு ஆட்சேபம் வரும். நம் தோழர்களே சொல்வார்கள்: “முதலில் சோறு, பந்து அப்புறம்.” சோறு முதலில் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளி சோற்றுக்கு மட்டும் பிறந்தவன் என்று முதலாளிதான் நினைக்கிறான். நாமும் அப்படி நினைக்கலாமா? பாட்டு, படிப்பு, ஆட்டம் எல்லாம் பணக்காரன் வீட்டுச் சொத்து என்று விட்டுவிடலாமா? கோரல் மில் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை கேட்டபோதும், இப்போது எதற்கு ஓய்வு, கூலி மட்டும் கேள் என்று புத்தி சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அவன் இரண்டையும் கேட்டான், இரண்டையும் பெற்றான்.

வேறு நன்மையும் உண்டு. சாராயக் கடையும் கஞ்சாப் பொட்டலமும் நம் பிள்ளைகளுக்காக மாலை நேரத்தில்தான் காத்திருக்கின்றன. அந்த நேரத்தில் ஒரு மைதானமும் ஒரு ஆசிரியனும் இருந்தால் எத்தனை தாய்மார்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்! வியாசர்பாடியில் அங்கேயே வளர்ந்த வாலிபர்கள் சிறுவர்களைச் சேர்த்துப் பந்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது, பள்ளிக்கூடம் போகிறவனுக்குத்தான் இங்கே இடம் என்று கட்டாயம் செய்தார்கள். பந்தின் ஆசையால் பள்ளிக்குப் போன பிள்ளைகள் அங்கே உண்டு.

மீனவர் நாடு ஒன்று செய்தது

பணம் எங்கே என்று சர்க்கார் கேட்கும். ஐஸ்லாந்து என்று ஒரு தீவு நாடு இருக்கிறது. வடகடலில் பனிக்கு நடுவே மீன் பிடித்து வளர்ந்த ஜனங்கள். 2016ஆம் ஆண்டில் அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகை சுமார் 3,30,000. நம் தூத்துக்குடி மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி 17,50,000 பேர். அதாவது நம் மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சிறிய நாடு 2016ஆம் ஆண்டு ஜூன் 27ந் தேதி, உதைபந்தாட்டத்தைக் கண்டுபிடித்தோம் என்று மார் தட்டுகிற இங்கிலாந்தை 2–1 என்று வென்றது. 2018ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவோடு சமமாக ஆடியது.

எப்படி முடிந்தது? மந்திரம் ஒன்றும் இல்லை. நகராட்சிகள் பனிக்காலத்திலும் ஆடக்கூடிய மண்டபங்கள் கட்டின. நூற்றுக்கணக்கானவர்களுக்கு முறையான பயிற்சியாளர் படிப்புக் கொடுத்தார்கள். சின்ன ஊர்க் கிளப்பில் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கற்பிப்பவரும் தகுதி பெற்றவர். அவருக்குச் சம்பளம் உண்டு. தேசிய அணியின் பயிற்சியாளர்களில் ஒருவர் பல் வைத்தியர் என்பதை உலகம் வேடிக்கையாகப் பேசியது. வேடிக்கையில் கவனிக்காமல் விட்டது, கீழே இருந்த அந்த நூற்றுக்கணக்கான ஆசிரியர்களை. வெற்றி அவர்களுடையது.

அவர்கள் பணக்கார நாடு, நாம் ஏழைகள் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் நமக்குப் பனி இல்லை, மண்டபம் வேண்டியதில்லை. வருஷத்தில் பெரும்பாலான நாள் வெயில் அடிக்கிற கரை இது. நமக்கு வேண்டியது சமன் செய்த மண்ணும், ஒரு விளக்கும், சம்பளம் வாங்குகிற ஒரு ஆசிரியனும்தான்.

தூத்துக்குடியில் என்ன செய்யலாம்?

இந்த மாவட்டத்தில் ஆட்டம் புதிதாக விதைக்க வேண்டிய விதை அல்ல. காயல்பட்டினத்தில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரில் அகில இந்தியப் போட்டியே பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. வெளி மாநில அணிகள் வந்து ஆடுவதை ஊரே கூடிப் பார்க்கிறது. தூத்துக்குடியில் தருவை மைதானம் இருக்கிறது. கடற்கரைக் கிராமங்களில் மாதா கோவில் முற்றத்திலும் மணலிலும் பந்து ஓடுகிறது. தெற்கே தூத்தூர்க் கரையிலிருந்து வீரர்கள் வருகிறார்கள் என்றால், அதே கடல், அதே தொழில், அதே உடல் உழைப்பு உள்ள நம் கரையிலிருந்து ஏன் வரக்கூடாது? மணலில் ஓடி வலை இழுத்த காலுக்கு வலிமை போதவில்லையா? இல்லை. அந்தக் காலுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை.

நம்மிடம் செல்வம் இல்லையா? 1974ஆம் ஆண்டு ஜூலையில் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் கப்பலாகச் சரக்கு இறங்குகிறது, ஏறுகிறது. உப்பளங்களிலிருந்து உப்பு நாடெங்கும் போகிறது. அனல் மின் நிலையங்கள் இருக்கின்றன. இத்தனை செல்வமும் யார் முதுகில் ஏறி வந்ததோ, அவர்கள் பிள்ளைகளுக்கு அதில் ஒரு துளி கேட்பது பிச்சையா? முத்துக் குளிப்புக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவன் சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பங்கு சர்க்காருக்கு. எடுத்தவனுக்குச் சிறு பங்கு, பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பெரும் பங்கு என்ற அந்தக் கணக்கு இன்னும் நம் கரையில் மாறவில்லை.

ஆகவே நாம் கேட்பது இவை:

ஒன்று: மாவட்டத்தில் ஒவ்வொரு பெரிய மீனவர் கிராமத்திலும், உப்பளத் தொழிலாளர் குடியிருப்பிலும், மில் பகுதியிலும், விவசாயத் தொழிலாளர் வாழும் ஒன்றிய மையங்களிலும் ஒரு பயிற்சியாளர் பதவி வேண்டும். தொகுப்பூதியம் அல்ல, காலமுறைச் சம்பளம்.

இரண்டு: அந்தப் பதவியில் ஓய்ந்த ஆட்டக்காரர்களுக்கு முன்னுரிமை வேண்டும். உரிமப் படிப்பின் கட்டணத்தையும், படிக்கும் நாட்களின் கூலி நஷ்டத்தையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏற்க வேண்டும்.

மூன்று: துறைமுகமும் பொதுத்துறை நிறுவனங்களும் விளையாட்டு வீரர்களுக்கு நிரந்தர வேலை கொடுக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடக்கூடாது. சமூகப் பொறுப்பு நிதி என்று விளம்பரப் பலகை வைப்பதற்குப் பதிலாக மைதானமும் ஆசிரியனும் கொடுக்கட்டும்.

நான்கு: பெண் பிள்ளைகளுக்கும் அதே மைதானத்தில் அதே உரிமையோடு நேரம் ஒதுக்க வேண்டும். உப்பளத்தில் வெயிலில் வேலை செய்யலாம், வெளிச்சத்தில் விளையாடக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஐந்து: ஆடும்போது காயம்பட்டவனுக்கு வைத்தியச் செலவும், ஆட முடியாத காலத்துக்கு ஊதியமும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

சர்க்கார் செய்யும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். தொழிற்சங்கக் கிளைகளும், மீனவர் சங்கங்களும், வாலிபர் மன்றங்களும் தங்கள் ஊரில் ஒருகாலத்தில் நன்றாக ஆடியவர் யார் என்று தேடிப் பார்க்கட்டும். அவர் எங்கேயோ கடையில் நின்றுகொண்டிருப்பார். அவரைக் கூப்பிடுங்கள். வாரத்துக்கு ஆளுக்கு ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ போட்டு, மாத முடிவில் ஒரு தொகையை அவர் கையில் கொடுங்கள். சிறிய தொகைதான், ஆனால் தர்மமாகக் கொடுக்காமல் கூலியாகக் கொடுங்கள். சங்கச் சந்தா வசூலித்துப் பழகிய நமக்கு இது முடியாத காரியமா? நாம் கொடுத்துக் காட்டினால்தான், நீ ஏன் கொடுக்கவில்லை என்று சர்க்காரைக் கேட்கும் உரிமை இன்னும் வலுப்படும்.

அமல் தத்தா படப்பெட்டியைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகத் தனியாக நடந்தார். ரஹீம் தன் பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். தனி மனிதர்களின் நல்ல மனதால் அன்று ஒன்றிரண்டு பிள்ளைகள் உயர்ந்தார்கள். நம் கரையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரு நல்லவரின் சட்டைப்பை போதாது. ஊர் சேர்ந்து கேட்டால் கிடைக்கும். கேட்போம்.